இரவல் தரப்படாத பேரிக்காய்

பல் டாக்டர் நூலகப் புத்தகத்திலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்துத் தின்றது ஒரு புதன்கிழமை முற்பகலில். பழத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காம்புப் பக்கம் கனிந்தும் அடிப்பக்கம் இன்னும் நறுக்கென்றும் இருந்தது. கடித்த இடத்திலிருந்து சாறு மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வழிந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு அவள் படத்தைத் திரும்பப் பார்த்தாள். வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன் மேல் ஈயத் தட்டு, தட்டில் ஒரு பழம் குறைச்சல். அந்தப் பழம் உட்கார்ந்திருந்த இடத்தில், படம் வரைந்த நாளிலிருந்து யாரும் பார்த்திராத தட்டின் சாம்பல் நிறம் தெரிந்தது. பழத்தின் ஈரம் அதில் வட்டமாக ஒட்டியிருந்தது. காம்பையும் கொட்டைகளையும் எங்கே போடுவது என்று புரியாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று அவள் நூலகத்துக்குப் போனதற்குக் காரணம், கிளினிக்கில் கெட்டுப்போன கம்ப்ரசர். காற்று இல்லாமல் பல்லைப் பிடுங்கலாம், ஆனால் குடையவும் அடைக்கவும் முடியாது. மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பாகம் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். காத்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். உதவிக்கு இருந்த பெண் ஷட்டரை இறக்கினாள். பல வருடங்களில் முதல்முறையாக ஒரு முழுப் பகல் கையில் சும்மா கிடந்தது, அதை என்ன செய்வதென்று டாக்டருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போக மனமில்லை. அதற்கான காரணம் பின்னால் வருகிறது. இரண்டு தெரு தள்ளி நூலகம் இருந்தது. படிக்கிற காலத்தில் அவள் அங்கேயே குடியிருந்தவள் என்று சொன்னால் மிகையில்லை. எலும்புகளையும் நரம்புகளையும் மனப்பாடம் செய்து சலித்துப்போனால், மாடிக்குப் போய் ஓவியப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பாள். பிறகு தொழில் வந்தது, நோயாளிகள் வந்தார்கள், கல்யாணத்துக்கு நேரம் பார்த்துப் பார்த்து அந்த நேரமும் போயிற்று. அந்தக் கட்டடத்தைத் தினமும் காரில் கடந்தும் அதை ஒரு சிக்னலுக்கு முந்திய திருப்பமாக மட்டுமே அறிந்திருந்தாள்.

மாடியில் ஒன்றும் மாறவில்லை. ஓவியப் பிரிவின் கடைசி அலமாரியில், நிற்கவைக்க முடியாத அளவு பெரிய புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அதில் அடியிலிருந்த ஒன்றை உருவப்போய், மேலே இருந்தவற்றையெல்லாம் இறக்கி, மூச்சு வாங்கி, கடைசியில் தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் மார்போடு அணைத்து மேசைக்குக் கொண்டுவந்தாள். அட்டை தொப்பென்று விழுந்த சத்தத்துக்கே அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு படத்தின் மேலும் வெங்காயத் தோல் போல மெல்லிய தாள் இருந்தது. அதைத் தூக்கும்போது அடியிலிருந்து நிறங்கள் மேலெழுந்து வந்தன. அவள் இத்தனை வருடமாகப் பார்த்ததெல்லாம் வாய்கள்; திறந்த வாய், பாதி திறந்த வாய், திறக்க மறுக்கும் வாய். இப்போது கண்ணுக்கு எதிரில் மலையும் வானமும் ஆறும், ஆற்றங்கரையில் செருப்பைக் கையில் பிடித்து நிற்கும் ஒரு பெண்ணும் வந்தபோது, பட்டினி கிடந்தவள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஆயிற்று. ஒரு ஜன்னலோரப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் வெயில் புறங்கையில் சுள்ளென்று பட்டது. கையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். அதற்கடுத்த படம்தான் பேரிக்காய். அதை அவள் வெகுநேரம் பார்த்தாள். தோலில் இருந்த புள்ளிகள், ஒரு பழத்தின் நிழல் இன்னொன்றின் கன்னத்தில் பச்சையாக விழுந்திருந்த விதம், வலப்பக்கத்துப் பழத்தில் ஏதோ பூச்சி ருசிபார்த்துவிட்டுப் போன சின்னத் தழும்பு, எல்லாவற்றையும் பார்த்து முடித்தபோது கை தானாக நீண்டது.

கிளம்பும் முன் இன்னொரு பேரிக்காயையும் எடுத்துப் பைக்குள் வைத்தாள். அது அண்ணனுக்கு.

அண்ணன் பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவர். தினமும் காலையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, முதல் அடுப்பிலிருந்து வரும் பிஸ்கட்டை உடைத்து, முகர்ந்து, நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் வைத்துப் பார்த்து, தலையாட்டினால்தான் பாக்கெட் போடுவார்கள். வெண்ணெய் ஒரு நாள் பழசானாலும் சொல்லிவிடுவார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது ருசியையும் வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தானாகத் திரும்பிவரும் என்றார்கள் மருத்துவர்கள். தங்கை தன் பங்குக்கு விளக்கைப் போட்டு அவர் நாக்கை எல்லாக் கோணத்திலும் பார்த்தாள். அதைவிட ஆரோக்கியமான நாக்கை அவள் பார்த்ததில்லை. கம்பெனி மரியாதையாக வீட்டுக்கு அனுப்பியது. மனைவியை முன்னமே இழந்திருந்தவர், தங்கையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் அவர் வெளியே போகவில்லை. வண்டிக்கு பெட்ரோல் போடுவது போல நின்றுகொண்டே சாப்பிட்டார். பிறகு அதையும் குறைத்தார். பெல்ட்டில் புதுத் துளைகள் விழுந்தன. டாக்டருக்கு வீட்டுக்குப் போக மனமில்லாததற்குக் காரணம் இதுதான்: மேசையின் எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு அவள் சாப்பிட வேண்டியிருந்தது.

அவர் பேரிக்காயைக் கடமைக்குக் கடித்தார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். கண்ணைச் சுருக்கி, வாயை மூடிக்கொண்டு, தூரத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று கேட்பவர் போல நின்றார்.

"புளிப்பு" என்றார்.

"என்னண்ணா?"

"தோலுகிட்ட லேசா ஒரு புளிப்பு. உள்ள தேன் மாதிரி. பாப்பா, இத எங்க வாங்கின?"

"லைப்ரரில."

"லைப்ரரில எப்போ பழக்கடை வச்சாங்க?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. நம்பிக்கை பற்றி யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. கொட்டையையும் காம்பையும் சேர்த்துத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கைப்பையைப் பார்த்தார்.

அடுத்த நாளிலிருந்து மதிய இடைவேளையில் டாக்டர் நூலகத்துக்கு ஓடினாள். கம்ப்ரசர் சரியான பின்னும் அது நிற்கவில்லை. ஒரு கொத்துத் திராட்சை, ஒரு ரொட்டித் துண்டு, பாதி தோலுரித்த எலுமிச்சை, வெண்ணெய்க் கட்டியில் ஒரு விரல் அளவு என்று வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரே தட்டைக் காலி செய்யக் கூடாது என்பதில் முதலில் கவனமாக இருந்தாள், போகப்போக அது தளர்ந்தது. கொக்கியில் தலைகீழாகத் தொங்கிய முயலை மட்டும் தொடவில்லை. அதை யார் உரிப்பது. ஆனால் பழம் பறிக்கப் போகிறவள் பழத்தோடு மட்டும் திரும்புவதில்லை. ஒரு புத்தகத்தை எடுக்கப் போனால் பக்கத்தில் இருப்பது கையைப் பிடித்து இழுக்கும். பழங்களிலிருந்து பீங்கான் கிண்ணங்களுக்குப் போனாள். கிண்ணத்தின் நீலத்திலிருந்து நீல ஓடு பதித்த சுவர்களுக்கும், அங்கிருந்து கம்பளங்களுக்கும், கம்பளத்தில் இருந்த குதிரையிலிருந்து உலகத்தின் எல்லாக் குதிரைகளுக்கும் போனாள். யாரும் எதையும் தேடித் தரவில்லை, உங்களுக்கு இது பிடிக்கலாம் என்று எந்தத் திரையும் சொல்லவில்லை. தப்பான புத்தகத்தை எடுத்து அதுவே சரியான புத்தகமாகிப்போகும் அந்தக் குஷி அவளுக்கு மறந்தே போயிருந்தது. சில நாள் பழத்தை எடுக்க மறந்து, பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்ப ஓடினாள். நோயாளிகள் இதைக் கவனித்தார்கள். ஒரு கடைவாய்ப் பல்லின் முன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "இது வெள்ளையே இல்ல, தெரியுமா? தந்த நிறம், ஓரத்துல நீலம், அடியில ஒரு மஞ்சள். என்ன அழகு!" என்று அவள் சொல்ல, நாற்காலியில் இருந்த வங்கி மேனேஜர் பயந்துபோய், பல் போய்விட்டதா என்று கையால் கேட்டார்.

நூலகரை எல்லோரும் 'உஷ்' என்று அழைத்தார்கள். அந்த ஒரு சத்தத்தைத் தவிர அவரிடமிருந்து வேறு எதையும் கேட்டவர்கள் குறைவு. ஒரு மதியம் அவர் அவளுடைய மேசைக்கு எதிரில் வந்து நின்றார். கையில் பெரிய புத்தகம் ஒன்று விரிந்திருந்தது. அதில் மேசை இருந்தது, துணி இருந்தது, தட்டு இருந்தது. தட்டில் திராட்சைக் காம்பு மட்டும் இருந்தது.

"டாக்டர், வாசிப்பறையில சாப்பிடக் கூடாதுன்னு போர்டு இருக்கு" என்றார், தாழ்ந்த குரலில்.

"இங்க சாப்பிடலைங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்."

"அது இன்னும் தப்பு. இதெல்லாம் இரவல் தர்ற புத்தகம் இல்ல. புத்தகத்துல இருக்கறதும் அப்படித்தான். ஒரு விதைகூட வாசலத் தாண்டக் கூடாது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனைப் பற்றிச் சொன்னாள். பிஸ்கட், காய்ச்சல், பெல்ட் துளைகள், புளிப்பு என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல், எல்லாவற்றையும் சொன்னாள். உஷ் முழுவதையும் கேட்டார். புத்தகத்தை மூடி, அட்டையைச் சட்டைக் கையால் துடைத்தார். பழம் படத்திலிருந்து வெளியே வந்ததைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விதி மீறப்பட்டது மட்டுமே அவர் கணக்கு.

"புத்தகம் வெளிய போகாது. ஆள் உள்ள வரலாம்ல? அதுக்குத் தடையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் வர மறுத்தார். படம் பார்த்துப் பசியாற நான் என்ன குழந்தையா என்றார். வெளியே போனால் கம்பெனி ஆட்கள் யாராவது கண்ணில் படுவார்கள், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். முதல் நாள் கோபமாக இருந்தார். இரண்டாம் நாள் தட்டைத் தள்ளிவைத்தார். அதற்கடுத்த நாள், அவளுடைய கைப்பையில் ஒரு காய்ந்த திராட்சையாவது ஒட்டியிருக்குமா என்று அவர் துழாவிக்கொண்டிருந்ததை அவள் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி சமையலறைக்குள் போய் நின்று, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சனிக்கிழமை காலையில் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "போலாமா? இல்ல இன்னும் தலை வாரிட்டே இருப்பியா?" என்றார்.

நூலக மாடியில் அவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஓட்டலில் மெனு புரட்டுவது போலப் பக்கங்களைச் சரசரவென்று தள்ளினார். ஒரு கூடை அத்திப்பழம் வந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டார். டாக்டர் அவர் வாயையே பார்த்தாள். அவர் மென்றார், விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். பிறகு ஒரு செர்ரி. முகம் சுவர் மாதிரி ஆகிவிட்டது.

"அட்டையத் தின்ன மாதிரி இருக்கு. போயிடுச்சு பாப்பா. அதுவும் போயிடுச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

அவர் எழுந்துவிட்டார். டாக்டர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சிறுவயதில் அவர் அவளை எத்தனையோ முறை இழுத்து உட்காரவைத்திருக்கிறார், அவள் அவரை அப்படிச் செய்தது இதுதான் முதல்முறை. கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. "நீங்க பாக்கவே இல்லண்ணா. வந்ததும் வாயில போட்டீங்க. நான் அந்தப் பேரிக்காய எவ்வளவு நேரம் பாத்தேன் தெரியுமா?" என்றாள். வேறொரு பக்கத்தைத் திருப்பினாள். ஒரு மேசை, மேசை மேல் உடைத்த ரொட்டி, ஒரு கத்தி, பாதி தண்ணீரோடு ஒரு கண்ணாடிக் குவளை. வேறொன்றும் இல்லை. "கைய மடியில வையுங்க. தொடாதீங்க. பாருங்க, போதும்."

அவர் உம்மென்று பார்த்தார். குறை கண்டுபிடிக்கிறவர் போலத்தான் தொடங்கினார். கத்தியை ஏன் இப்படி விளிம்பில் வைத்திருக்கிறான், விழுந்துவிடாதா என்றார். குவளையில் தெரிகிற வெளிச்சம் ஜன்னல்தானே என்றார். அதற்கு அவள், ஆமாம், ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்கூட இருக்கிறது, நன்றாகப் பாருங்கள் என்றாள். அவர் மூக்கு தாளில் படும் அளவுக்குக் குனிந்தார். மரம் இருந்தது. அரிசி அளவு மரம், அதில் இலையும் இருந்தது. "அடேயப்பா" என்றார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ரொட்டிக்கு வந்தார். "இந்தப் பக்கம் பாரு, கருத்திருக்கு. அடுப்போட பின்பக்கம் வச்சு வேகவிட்டிருக்கான். உள்ள பாரு, துளை எல்லாம் பெருசு பெருசா இருக்கு. மாவு நல்லா புளிச்சிருக்கு. ராத்திரி பூரா வச்சிருப்பான். மேல மாவு தூவியிருக்கான், அது லேசா தீஞ்சு..." அங்கே நிறுத்தினார். தொண்டை ஏறி இறங்கியது. எச்சில் விழுங்கிய சத்தம் அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது. தூரத்து மேசையிலிருந்து "உஷ்" என்று வந்தது. அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். கை மடியில்தான் இருந்தது. ரொட்டி படத்தில்தான் இருந்தது.

"தீஞ்ச மாவு வாசனை வருது பாப்பா" என்றார். "வாயெல்லாம் ரொட்டியா இருக்கு."

நூலகம் மூடுகிற வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. அவர் கடலைப் பார்த்தார், உதட்டை நக்கினார். வைக்கோல் போரைப் பார்த்துத் தும்மினார். ஒரு கிழவரின் முகத்தை மட்டும் அரை மணி பார்த்துவிட்டு, இவர் காலையில் வெங்காயம் சாப்பிட்டிருக்கிறார் என்றார். பக்கம் திருப்புவது யார் என்று இருவருக்கும் சண்டை வந்தது. நீ வேகம், நீங்கள் மெதுவு என்று கிசுகிசுவென்று அடித்துக்கொண்டார்கள். ஐம்பதைத் தாண்டிய இருவர் மேசைக்கடியில் காலால் உதைத்துக்கொள்வதைப் பார்த்து, எதிரில் படித்துக்கொண்டிருந்த வக்கீல் இடம் மாறி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து டாக்டர் சோறும் கறியும் பரிமாறினாள். அண்ணன் நின்றுகொண்டு சாப்பிடவில்லை, உட்கார்ந்தார். தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்ததும் முகம் கோணியது. தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"பாப்பா, உப்பக் கொட்டி வச்சிருக்கியே! இது சாப்பாடா, கடலா?"

"என்னது?"

"உப்பும்மா! ரெண்டு வருஷமா இப்படியா பண்ணிட்டிருக்க?"

அவள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். அவருக்கு ஒரு துளியாவது உறைக்காதா என்று நாளுக்கு ஒரு சிட்டிகையாக ஏற்றி ஏற்றி, தன் நாக்கையும் அதற்குப் பழக்கிவிட்டிருந்தாள். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். சிரிப்புத்தான் வந்தது. சிரிக்கத் தொடங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அண்ணன் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டார். தட்டை வழித்தார்.

திங்கட்கிழமை அண்ணன் ஒரு பையோடு நூலகத்துக்குப் போனார். எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பேரிக்காயும் அத்தியும் அந்தப் பருவத்தில் கடையில் கிடைக்கவில்லை. கிடைத்ததை வாங்கியிருந்தார்: தக்காளி, வேகவைத்த முட்டை, இரண்டு கொய்யா. காலியான தட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்தார். படங்கள் ஏற்றுக்கொண்டன. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தக்காளி பளபளத்தது. முட்டைக்கு நிழல் சரியாக விழுந்தது. உஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகச் சோதித்தார். எல்லாம் சரி என்றார். அண்ணன் கூடவே வைத்திருந்த, கம்பெனிப் பெயர் அச்சிட்ட பிஸ்கட் ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொன்னார், அந்தக் காலத்தில் அது கிடையாதாம். வெளியூரிலிருந்து வந்த ஓவியப் பேராசிரியர் ஒருவர், இந்தப் பதிப்பில் மட்டும் காணப்படும் கொய்யாவைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். அதை யாரும் மறுக்கவில்லை.

அதன்பின் வந்த வருடங்களில் ஊரில் மாடிப்படி ஏறுகிறவர்கள் கூடினார்கள். முடிதிருத்துபவர் பழைய அரசிகளின் கூந்தலைப் பார்க்க வந்தார். அவருடைய சீப்பில் சில நாள் பொன்னிற முடி இருந்தது. கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் புயல் படங்களுக்கு மழைக்கோட்டோடு வந்தார். தூக்கம் வராத டீச்சர் ஒருத்தி நிலாக் காட்சிகளைப் பார்த்துவிட்டு மேசையிலேயே தூங்கினாள். அவளுக்கு மட்டும் உஷ் நூலகம் மூடும் மணியை அடிக்கவில்லை. கம்பெனி அண்ணனைத் திரும்ப அழைத்தது. காலையில் மட்டும் வருவேன், மதியம் எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனார். டாக்டர் தன் கிளினிக்கில் மதிய நேரத்தை நீட்டினாள். அவசரப் பல்வலிக்காரர்கள் அவளை எங்கே தேடுவது என்று தெரிந்துவைத்திருந்தார்கள். ஓவியப் பிரிவு மேசையில் விரித்த புத்தகத்துக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து காட்டினார்கள், அவள் ஒரு கண்ணால் பார்த்து மாத்திரை சொன்னாள்.

கோடை உச்சத்தில் இருந்த ஒரு நாள், தார்ச்சாலை செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்த மதியத்தில், டாக்டர் அலமாரியின் கடைசி அடுக்கிலிருந்த கடைசிப் புத்தகத்தைக் கண்டுபிடித்தாள். முழுக்கப் பனி. ஒரே ஓவியர், வாழ்நாள் முழுவதும் பனியைத் தவிர எதையும் வரையாதவர். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அட்டையைத் திறந்து, மெல்லிய தாளைத் தூக்கினாள். வெள்ளை என்று நினைத்தது வெள்ளை இல்லை. ஊதா, இளஞ்சிவப்பு, தேய்ந்த பச்சை, எல்லாம் அதில் இருந்தன. இருவரும் குனிந்து பார்த்தார்கள். மேசை விளிம்பு சில்லிட்டது. அவர்கள் மூச்சு புகையாக வந்தது. வக்கீல் கோட்டின் பொத்தானைப் போட்டார், முடிதிருத்துபவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். உஷ் தன் இடத்திலிருந்து எழுந்து நேராக இவர்களை நோக்கி வந்தார். திட்டப் போகிறார் என்று டாக்டர் நினைத்தாள். அவர் அவர்களைத் தாண்டிச் சுவருக்குப் போய், மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவளுடைய மறுபக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"அடுத்த பக்கம் திருப்புங்க டாக்டர்" என்றார், அந்த மாடி முழுவதும் கேட்கும் குரலில்.